மொரீஷியஸ் மக்கள்தொகை: யார், எத்தனை பேர், எந்தத் திசையில்?

மொரீஷியஸ் மக்களுள் பெரும்பான்மையினர் இந்திய வம்சாவளியினர் என்பது சரிதானா, அவர்களுள் தமிழர் எத்தனை பேர், அந்நாட்டின் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது என்பது உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்திய வம்சாவளியினர் என்பது பொதுவாக ஏற்கப்பட்டுள்ள கணிப்பு; ஆனால் 1972க்குப் பிறகு அந்நாட்டு அரசு மக்களை இன அடிப்படையில் எண்ணவே இல்லை. தமிழர் என்று தம்மைப் பதிவு செய்துகொண்டோர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 72,000 பேர், அதாவது முதன்மைத் தீவின் மக்களுள் 6 சதவீதத்தினர் (ரோட்ரிக்ஸ் என்ற சிறு தீவும் இந்நாட்டைச் சேர்ந்ததே). மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மையே: 2011இல் சுமார் 12.37 லட்சமாக இருந்தது, 2022 கணக்கெடுப்பில் சுமார் 12.35 லட்சமாக நின்றது. வேறுபாடு மிகச் சிறியதுதான்; ஆயினும் 1960களில் அளவுகடந்த பெருக்கத்தால் அழியும் என்று அஞ்சப்பட்ட நாடு இது என்பதை நினைவில் கொண்டால் அதன் பொருள் பெரிது.

விரிவான விடைக்குத் தீவு எப்படி மக்களைப் பெற்றது என்பதிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் இங்கே பூர்வகுடிகள் என்று எவருமே இல்லை. 1598இல் டச்சுக்காரர்கள் வந்திறங்கிப் பெயர் சூட்டியபோதும், 1638இல் குடியேற்றம் அமைத்தபோதும் தீவில் மனிதர் வாழ்ந்த தடயம் இருக்கவில்லை. அவர்களும் 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரான்ஸ் உரிமை கோரி, 1721 முதல் குடியேற்றத்தைத் தொடங்கியது. 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லபூர்தொனே போர்ட் லூயியைத் துறைமுக நகராக்கினார். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகள் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் பிற கைவினைஞர்களும் அழைத்துவரப்பட்டது இந்தக் காலத்தில்தான். ஆகவே மொரீஷியஸ் தமிழரின் வரலாறு கரும்புத் தோட்டக் கூலிகளோடு தொடங்குவதாக நம்மிடையே வழங்கும் கருத்து திருத்தப்பட வேண்டியது; ஒப்பந்தக் கூலி முறைக்கு ஒரு நூற்றாண்டு முன்பே போர்ட் லூயியின் கிழக்குப் பகுதியில் சுதந்திரத் தமிழர் குடியிருப்பு ஒன்று இருந்தது.

1810இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்கள் ஏறத்தாழ 66,000 பேர். தோட்ட முதலாளிகள் அதற்கு முன்பே மாற்று வழி தேடத் தொடங்கியிருந்தனர்: 1834 நவம்பர் 2 அன்று கல்கத்தாவிலிருந்து ‘அட்லஸ்’ என்ற கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயியை அடைந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்தோரின் எண்ணிக்கை நான்கரை லட்சத்தைத் தொட்டது. பீகார், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றிலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்களே பெரும்பான்மையினர். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். பம்பாய் வழியாக மராட்டியர் சிறு பங்கினர். வந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஊர் திரும்பினார். மற்றவர்கள் தங்கினார்கள் அல்லது அங்கேயே மடிந்தார்கள். அவர்கள் கரையேறிய இடமான ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்தக் குடியேற்றத்தின் மக்கள்தொகை இயல்பை ஓர் எண் விளக்கிவிடும். முதல் முறையான கணக்கெடுப்பு நடந்த 1846இல் தீவில் இந்தியர் 56,245 பேர். அவர்களுள் ஆண்கள் 48,935, பெண்கள் 7,310. ஏறத்தாழ ஏழு ஆணுக்கு ஒரு பெண். அப்படிப்பட்ட கூட்டம் தானாகப் பெருக முடியாது; கப்பல்கள் வந்தால்தான் வளரும். பெண்களின் பங்கை உயர்த்த வேண்டும் என்ற விதிகள் வந்தபின், 1861இல் ஏறத்தாழ மூன்று ஆணுக்கு ஒரு பெண் என்ற நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டில் மொத்த மக்கள்தொகை 3.1 லட்சம், அதில் இந்தியர் 1.92 லட்சத்துக்கும் மேல். அதாவது இருபத்தேழே ஆண்டுகளில், அடிமைகளின் வழித்தோன்றல்களும் பிரெஞ்சுக் குடியேறிகளும் வாழ்ந்த தீவு, இந்தியர் பெரும்பான்மையாக வாழும் தீவாக மாறியிருந்தது. இன்றுள்ள இனக்கலவையின் அடிப்படை விகிதம் அப்போதே அமைந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன்பின் எண்பது ஆண்டுகள் மக்கள்தொகை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. காரணம் மலேரியா. 1866இல் பரவத் தொடங்கிய காய்ச்சல் 1867இல் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் இறந்துபோகக் காரணமாயிற்று. பத்தில் ஒருவருக்கு மேல் ஒரே ஆண்டில் மாண்டார்கள். வசதியுள்ளவர்கள் போர்ட் லூயியின் தாழ்நிலத்தை விட்டு, குளிர்ந்த மேட்டுநிலமான பிளேன்ஸ் வில்லெம்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். கியூர்பிப், ரோஸ் ஹில் போன்ற நகரங்கள் இந்தப் பெயர்ச்சியால் வளர்ந்தவை. நாட்டின் மக்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் இன்றும் பிளேன்ஸ் வில்லெம்ஸ்தான். 1907இல், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்ட் ரோஸ் அந்நோயை ஆராய நேரில் வந்து பரிந்துரைகள் வழங்கிய பிறகும் நோய் அடங்கவில்லை. 1881இல் சுமார் 3.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1921இல் 3.76 லட்சத்தைத்தான் எட்டியது. பிறப்பு விகிதம் உயர்ந்திருந்தது. இறப்பு விகிதம் அதை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பு தொடங்கியதும் காட்சி மாறிற்று. 1949 முதல் தீவு முழுவதும் நடந்த கொசு ஒழிப்புப் பணி சில ஆண்டுகளிலேயே மலேரியாவை இறப்புக் கணக்கிலிருந்து ஏறக்குறைய நீக்கிவிட்டது. 1944 கணக்கெடுப்பில் 4.19 லட்சமாக இருந்த எண்ணிக்கை, 1952இல் 5.01 லட்சம், 1962இல் 6.82 லட்சம் என்று ஏறியது. ஆண்டுக்கு 3 சதவீத அளவில் வளர்ச்சி. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். மக்களுள் ஏறத்தாழ 45 சதவீதம் 15 வயதுக்குட்பட்டோர். கரும்பைத் தவிர வேறு தொழில் இல்லை. 1960 பிப்ரவரியில் வீசிய கரோல் புயல் வீடுகளையும் கரும்பையும் சேர்த்து அழித்துப் போட்டது.

இந்த நிலையில் காலனி அரசு வரவழைத்த இரு குழுக்களின் அறிக்கைகள் 1961இல் வெளியாயின. சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் தலைமையிலானது ஒன்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலானது மற்றொன்று. பிறப்பு விகிதம் மாறாவிட்டால் நூற்றாண்டின் இறுதியில் மக்கள்தொகை இருபது லட்சத்தை வெகுவாகத் தாண்டும் என்று டிட்மஸ் குழு காட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் சுகாதாரப் பணியோடு இணைக்கப் பரிந்துரைத்தது. மீட் இன்னும் இருண்ட எதிர்காலத்தைக் கண்டார்: நிலம் குறைவு, தொழில் இல்லை, இனங்களுக்குள் நம்பிக்கை இல்லை, ஆகவே அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. பொருளியல் மாணவர்கள் இன்றும் பொய்த்துப்போன கணிப்புக்கு எடுத்துக்காட்டாக மீட்டைக் கூறுவதுண்டு. அது அவருக்கு முழு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து. இப்படியே போனால் இதுதான் நடக்கும் என்று அவர் எச்சரித்தார். எச்சரிக்கை கேட்கப்பட்டதால்தான் கணிப்பு பொய்த்தது. அவர் பரிந்துரைத்தவற்றுள் வேலைவாய்ப்பு தரும் ஏற்றுமதித் தொழில்களும் இருந்தன.

ஆனால் குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே அன்று இன அரசியலாக இருந்தது. 1957இல் தொடங்கப்பட்ட மொரீஷியஸ் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. முஸ்லிம்களிடையேயும் ஐயம் இருந்தது. எந்த இனத்தின் எண்ணிக்கை குறையும், எந்த இனத்தின் வாக்குகள் பெருகும் என்ற கணக்கு ஒவ்வொரு விவாதத்தின் அடியிலும் ஓடியது. எத்தனை பேர் என்ற அச்சமும் யார் என்ற அச்சமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. இதற்கு மொரீஷியஸ் கண்ட தீர்வு அந்நாட்டுக்கே உரியது. திருச்சபையின் ஆதரவோடு, இயற்கை முறையை மட்டும் கற்பிக்கும் ‘ஆக்ஸியோன் ஃபமிலியால்’ என்ற அமைப்பு 1963இல் உருவாயிற்று. அரசு ஒரு பக்கம் சாயாமல் இரு அமைப்புகளுக்குமே நிதி கொடுத்தது. கட்டாயம் இல்லை, இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்ததைப் போன்ற முகாம்களும் இல்லை. 1962இல் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6 ஆக இருந்த கருவள விகிதம், 1972இல் ஏறத்தாழ 3.4க்கு இறங்கியது. கட்டாயப்படுத்தாமல் பத்தே ஆண்டுகளில் இப்படி ஒரு வீழ்ச்சி உலகில் மிக அரிதாகவே நிகழ்ந்திருக்கிறது.

கருத்தடை வசதி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பெண்களின் திருமண வயது உயர்ந்தது. மிக இளம் வயதிலேயே பெண்களைக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் வேகமாக மறைந்தது. பெண்கள் பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் இருந்தார்கள். 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. 1970இல் கொண்டுவரப்பட்ட ஏற்றுமதி மண்டலச் சட்டத்தின்கீழ் தொடங்கிய ஆடைத் தொழிற்சாலைகள் 1980களில் பெருகி, அந்தத் தசாப்தத்தின் முடிவில் ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்தன; அவர்களுள் பெரும்பான்மையினர் பெண்கள். 1980களின் தொடக்கத்தில் 20 சதவீத அளவில் இருந்த வேலையின்மை பத்தாண்டில் ஏறக்குறைய மறைந்தது. கூலி வாங்கும் பெண்ணுக்கு ஆறு குழந்தைகள் என்பது நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிட்டது. 2000 வாக்கில் கருவள விகிதம் 2க்கு வந்துவிட்டது, 2010களில் 1.4 என்ற அளவுக்கும் இறங்கியது. மக்கள்தொகை குறையாமல் நிலைத்திருக்க 2.1 தேவை என்பதோடு இதை ஒப்பிட வேண்டும்.

இவ்வீழ்ச்சி எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தது. இது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. முந்தியவர்கள் சீன வம்சாவளியினர், பிந்தியவர்கள் முஸ்லிம்கள் என்ற சிறு வேறுபாடு இருந்தது. ஆனால் திசை ஒன்றே. ஒருவரை ஒருவர் எண்ணிக்கையில் மிஞ்சிவிடுவார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்த சமூகங்கள், படுக்கையறை வரை ஒரே முடிவை எடுத்திருந்தன.

இனி இனக்கலவைக்கு வருவோம். 1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றபோது அரசியலமைப்பு மக்களை நான்கு பிரிவினராகப் பிரித்தது: இந்து, முஸ்லிம், சீன வம்சாவளியினர், இம்மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’. நான்காம் பிரிவின் வரையறை விசித்திரமானது. தமது வாழ்க்கை முறையால் முதல் மூன்று பிரிவுகளில் எதையும் சேர்ந்தவராகத் தோன்றாத எவரும் அதில் அடங்குவர். ஆகவே மடகாஸ்கர் அடிமையின் பேரனும், அந்த அடிமையை வைத்திருந்த பிரெஞ்சு முதலாளியின் பேரனும் சட்டத்தின் கண்ணில் ஒரே பிரிவினர். சமூக வாழ்வில் அவர்களுக்கிடையே உள்ள தூரம் தீவிலேயே மிகப் பெரியது. பிரெஞ்சு வம்சாவளியினர் 2 சதவீதத்துக்கு மேற்படாத சிறுபான்மையினர், ஆயினும் கரும்பு நிலத்திலும் பெருநிறுவனங்களிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது.

இந்தப் பிரிவுகளைப் பதிவு செய்த கடைசிக் கணக்கெடுப்பு 1972இல் நடந்தது. முதன்மைத் தீவின் 8,26,199 பேரில் இந்துக்கள் 51.8 சதவீதம், முஸ்லிம்கள் 16.6, சீன வம்சாவளியினர் 2.9, பொது மக்கள் 28.7. அதற்குப்பின் வந்த 1983 கணக்கெடுப்பிலிருந்து அந்தக் கேள்வி நீக்கப்பட்டுவிட்டது. மக்கள் தம்மை மொரீஷியர்களாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் எண்ணுவதை நிறுத்தியவர்கள் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. நாடாளுமன்றத்தில் 62 பேர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதன்பின் தோற்றவர்களுள் அதிக வாக்கு பெற்றவர்களைக் கொண்டு எட்டு இடங்கள்வரை நிரப்பப்படுகின்றன, எந்த இனத்துக்கு உரிய பங்கு கிடைக்கவில்லையோ அதற்கு முன்னுரிமை கொடுத்து. இதற்கான கணக்கீடு 1982இல் செய்த சட்டத்திருத்தத்தின்படி 1972 எண்களையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்திய, பாதிப் பேர் பிறக்கவே இல்லாத காலத்து எண்கள் அவை.

2005 தேர்தலில் தம் இனத்தைக் குறிப்பிட மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளப்பட்டன. அவர்கள் முறையீட்டின்மேல் ஐ.நா. மனித உரிமைக் குழு, காலாவதியான எண்களை வைத்துக்கொண்டு வேட்பாளரை இனம் சொல்லும்படி கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012இல் கருத்துரைத்தது. இனத்தைக் குறிப்பிடாமலும் போட்டியிட வழிசெய்து, 2014 தேர்தலுக்கு மட்டும் பொருந்தும் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. முறையை முழுவதும் ஒழிக்கும் முயற்சி எதுவும் வெற்றி பெறவில்லை. சிறுபான்மையினருக்கு, குறிப்பாக முஸ்லிம்களுக்கு, அது பாதுகாப்பு என்ற உணர்வு வலுவாக உள்ளது. அந்த உணர்வைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது: 1967 தேர்தலில் ஏறத்தாழ 44 சதவீத வாக்குகள் விடுதலையை எதிர்த்த அணிக்கு விழுந்தன, 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கிரியோல்களுக்கும் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளியினர்) முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் நடந்து பிரிட்டிஷ் படை வர வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின் இந்து அல்லாத ஒரே பிரதமர் 2003 முதல் 2005 வரை பதவியில் இருந்த போல் பெரான்ஜே மட்டுமே.

அப்படியானால் இன்றைய கலவையை எப்படி அறிவது? சமயம் பற்றிய கேள்வி கணக்கெடுப்பில் தொடர்கிறது. அதையே மறைமுக அளவுகோலாகக் கொள்கிறார்கள். 2022இல் இந்துக்கள் ஏறத்தாழ 48 சதவீதம், கிறித்தவர்கள் 32, முஸ்லிம்கள் 18. 1972இன் பொது மக்களையும் சீன வம்சாவளியினரையும் கூட்டினால் 31.6 சதவீதம் வருகிறது; இன்றைய கிறித்தவரின் பங்கும் ஏறக்குறைய அதுவே, ஏனெனில் சீன வம்சாவளியினருள் மிகப் பலர் கத்தோலிக்கராகிவிட்டனர். இனப்பிரிவும் சமயமும் வேறுவேறு அளவைகள் என்பதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தாலும் ஐம்பது ஆண்டுகளில் எந்தப் பெரும் பிரிவின் பங்கும் நான்கு புள்ளிகளுக்கு மேல் அசையவில்லை என்பது தெளிவு. அரசியல்வாதிகள் கிளப்பும் மக்கள்தொகைப் பீதிக்கு இந்த எண்கள் இடம் தருவதில்லை. உண்மையில் தேய்ந்தவர்கள் சீன வம்சாவளியினர்தான்: குறைந்த கருவளம், கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இளைஞர்கள், கலப்புத் திருமணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களின் எண்ணிக்கையைக் கரைத்துவிட்டன.

தமிழர் பற்றிய கேள்விக்கு விடை சொல்லுமுன் ஒரு விளக்கம் தேவை. மொரீஷியஸ் கணக்கெடுப்பில் ‘தமிழ்’ என்பது சமயம் பற்றிய கேள்விக்கு மக்கள் எழுதும் விடை. தெலுங்கு, மராட்டி ஆகியனவும் அவ்வாறே. ‘இந்து’ என்று எழுதுபவர் பெரும்பாலும் போஜ்புரி பேசிய வட இந்தியர் வழிவந்தவர். தமிழர் வழிவந்தவர் தம் சமயத்தைத் தமிழ் என்றே எழுதுகிறார். புள்ளிவிவரத் துறை இவை அனைத்தையும் தொகுத்து இந்து என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிடுகிறது. தேர்தல் கணக்கிலும் தமிழர் இந்துக்களுள் அடக்கம். தமக்குத் தனி இடம் வேண்டும் என்ற குரல் தமிழ் அமைப்புகளிடமிருந்து அவ்வப்போது எழுந்திருக்கிறது. எனவே 72,000 என்ற எண், தமிழ்ச் சைவ, முருக வழிபாட்டு மரபில் தம்மை வைத்துக்கொள்வோரின் எண்ணிக்கை. தமிழ் மூதாதையரைக் கொண்ட அனைவரின் எண்ணிக்கையும் இதைவிடக் கூடுதல்: பிரெஞ்சுக் காலத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கிறித்தவரான தமிழர்கள் படிப்படியாகப் பொது மக்களுள் கலந்துவிட்டார்கள், தமிழ்க் குடும்பப் பெயரோடு கத்தோலிக்கக் கிரியோலாக வாழ்வோரை இன்றும் காணலாம். அவர்களை எண்ண எந்த வழியும் இல்லை.

எண்ணிக்கை சிறியதாயினும் அடையாளத்தின் எடை சிறியதன்று. தைப்பூசக் காவடி அங்கு அரசு விடுமுறை நாள். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன் இந்தி எழுத்து அச்சிடப்பட்டபோது தமிழர் கிளர்ந்தெழுந்தனர். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் தமிழை முன்வைத்து மீண்டும் அச்சிடப்பட்டன. இத்தனைக்கும் வீட்டில் தமிழ் பேசுவோர் அங்கு அரிதினும் அரிது. மூதாதையரின் மொழி என்ற நிலையில் அது பள்ளியிலும் கோவிலிலும் வாழ்கிறது. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி.

மொழி விஷயத்தில் நடந்திருப்பது எந்த இன எண்ணைவிடவும் பெரிய மாற்றம் என்பேன். 2000இல் வீட்டில் கிரியோல் பேசுவதாகக் கூறியவர்கள் 70 சதவீதம், 2011இல் 86, 2022இல் ஏறத்தாழ 90. போஜ்புரி அதே காலத்தில் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் நாடு முழுவதும் ஒரே வீட்டுமொழி வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்த மொழி அரசியலமைப்பின் நான்கு பிரிவுகளில் எதையும் கலைக்கவில்லை. ஒரே மொழியில் பேசிக்கொண்டே மக்கள் தம்மை வெவ்வேறு பிரிவினராக எண்ணிக்கொள்கிறார்கள்.

எஞ்சியிருப்பது எதிர்காலம். 2010களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பிறப்பும் 11,000 இறப்பும் பதிவாகிவந்தன. கோவிட் ஆண்டுகளில் இறப்பு பிறப்பை எட்டிப் பிடித்தது. 2000இல் நான்கில் ஒருவர் 15 வயதுக்குட்பட்டவர். 2022இல் ஆறில் ஒருவருக்கும் குறைவு. 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2011இல் எட்டில் ஒன்று. 2022இல் ஐந்தில் ஒன்றை நெருங்கியது. சராசரி ஆயுள் 74 அளவில் நிற்கிறது. உலகிலேயே நீரிழிவு மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருப்பதால் அது இதற்குமேல் எளிதில் உயர்வதாக இல்லை. ஆகவே நீண்ட காலம் வாழ்வோர் கூடுவதை மட்டும் முதுமைக்குக் காரணமாகச் சொல்ல முடியாது; 1950களிலும் 60களிலும் பிறந்த பெரும் கூட்டம் இப்போது ஓய்வு வயதை எட்டுகிறது, அவர்களுக்குப் பின்னால் வரும் தலைமுறை அதைவிட மிகச் சிறியது.

இதன் முதல் அடி ஓய்வூதியத்தில் விழுந்தது. 1958 முதல் வருமானம் பாராமல் முதியோர் அனைவருக்கும் அடிப்படை ஓய்வூதியம் வழங்கும் நாடு மொரீஷியஸ். வளரும் நாடுகளில் இதற்கு இணை குறைவு. 2025 வரை 60 வயதானால் போதும் என்ற நிலை இருந்தது, சந்தா எதுவும் கட்டியிருக்கத் தேவையில்லை. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிகள் தொகையை ஏற்றிக்கொண்டே வந்தன. 2020 ஜனவரியில் மாதத்துக்கு 9,000 ரூபாயாக உயர்ந்தது. முதியோரின் வாக்கு பெருகப் பெருக ஏலமும் பெருகியது. கடைசியில் 2025 ஜூன் மாத வரவுசெலவுத் திட்டத்தில், தகுதி வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தப்போவதாக நவீன் ராம்கூலம் அரசு அறிவித்ததும் தெருவில் எதிர்ப்பு மூண்டது. மக்கள்தொகைக் கணக்கை அறிந்த எவருக்கும் அந்த அறிவிப்பு வியப்பளித்திருக்காது.

தீவுக்குள்ளும் இடப்பெயர்ச்சி நடக்கிறது: போர்ட் லூயி மாவட்டம் மக்களை இழந்துவருகிறது, மேற்குக் கரையின் பிளாக் ரிவர் மாவட்டம் வேகமாக வளர்கிறது. ரோட்ரிக்ஸ் தீவு இதில் விதிவிலக்கு. 2002இல் தன்னாட்சி பெற்ற அத்தீவில் ஏறக்குறைய அனைவரும் கத்தோலிக்கக் கிரியோல்கள். முதன்மைத் தீவைவிடக் கருவளம் கூடுதல். முதன்மைத் தீவுக்கு வேலை தேடிப் பலர் போனபின்னும் 2011இல் சுமார் 40,400 ஆக இருந்த எண்ணிக்கை 2022இல் 43,600ஐத் தாண்டியிருக்கிறது. குடியரசின் எண்ணையும் முதன்மைத் தீவின் எண்ணையும் கலந்து ஒப்பிடும் பிழை இணையக் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படுவதால், எந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தாலும் அது ரோட்ரிக்ஸைச் சேர்த்ததா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

படித்த இளைஞர்கள் பிரான்ஸ், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று வெளியேறுகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில், உள்ளூர் இளைஞர் விரும்பாத வேலைகளில், வங்கதேசம், இந்தியா, மடகாஸ்கர், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இருக்கிறார்கள். கோவிடுக்கு முந்திய ஆண்டுகளிலேயே அவர்களின் எண்ணிக்கை 30,000க்கும் 40,000க்கும் இடையில் இருந்தது. ஆடைத் தொழிற்சாலை, கட்டடப் பணி, ரொட்டி அடுமனை ஆகியன அவர்களை நம்பியே ஓடுகின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டியவர்கள் என்பதால் குடும்பத்தோடு வேரூன்ற அவர்களுக்கு வழி குறைவு. கருவளத்தை உயர்த்தச் சலுகைகள் கொடுத்த நாடுகளில் ஓரளவு பயன் கிடைத்திருக்கலாம், ஆனால் சலுகைகளால் 1.4ஐ 2.1 ஆக்குவது மிகக் கடினம். ஆதலால் வேலை வயதினரின் எண்ணிக்கையை நிறுத்திப் பிடிக்க மொரீஷியஸுக்கு எஞ்சியுள்ள வழி குடியேற்றம் ஒன்றே. அந்தப் பேச்சை எடுக்கும் நாளில், புதிதாக வருபவர்களை நான்கு பிரிவுகளில் எதில் சேர்ப்பது என்ற கேள்வியையும் அரசு சந்திக்க வேண்டியிருக்கும். வங்கதேசத் தொழிலாளர்கள் நிரந்தரக் குடிமக்களானால் முஸ்லிம்களின் பங்கு உயரும் என்று ஒரு தரப்பும், இந்தியர் வந்தால் இந்துக்களின் பங்கு உயரும் என்று மறுதரப்பும் கணக்குப் போடத் தொடங்கிவிடும். எந்தப் பெரிய கட்சியும் இதுவரை நிரந்தரக் குடியேற்றத்தைப் பெருமளவில் திறந்துவிடுவதைத் தன் கொள்கையாக முன்வைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.